கரையில் சொன்ன பொய்

புயல் செய்தி எடுக்கப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பையில் ஒரு மாற்றுத்துணி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஈர பேண்ட்டோடு நடுங்கிக்கொண்டிருப்பவன் எடுக்கும் முடிவு எதுவும் உருப்படாது. கேமராவைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. தோளில் சுமந்து நான் முதுகைக் கெடுத்துக்கொண்ட வேலையை இன்று உங்கள் சட்டைப் பையில் கிடக்கிற செல்போன் செய்துவிடுகிறது. ஆனால் காற்று முகத்தில் அறையும்போது, காதில் சென்னை அலுவலகம் கூப்பிடும்போது, பக்கத்தில் போட்டிச் சேனல்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்று எந்தச் செல்போனும் சொல்லாது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எனக்குப் பூர்வீகம் பழவேற்காடு. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இறாலும் கருவாடும் வாங்கி விற்கிறவர்கள். நான் மட்டும் தடம் மாறி, கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்தேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனை, செய்திச் சேனல்கள் பெருகிய அந்த வருடங்களில், ஒரு சேனல் பகுதிநேர நிருபராகச் சேர்த்துக்கொண்டது. கேமராவும் நானே, மைக்கும் நானே. தொழிற்பேட்டையில் புகை தெரிந்தால் ஓடுவேன். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் ஓடுவேன். ஆனால் மனசுக்குப் பிடித்தது புயல்தான். வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு என்று காதில் விழுந்ததுமே கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஊரே ஜன்னலைச் சாத்தும்போது நம் வீட்டில் மட்டும் கதவு திறக்கிறது என்று என் மனைவி சலித்துக்கொள்வாள்.

பழவேற்காடு ஏரியைச் சிலர் வரைபடத்தில் மட்டும் பார்த்திருப்பீர்கள். தெற்கே எங்கள் ஊரில் ஆரம்பித்து, ஆந்திர எல்லையையும் தாண்டி நீண்டு கிடக்கும் உப்பு ஏரி அது. புயல் நாளில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் கரையில்தான் படம் கிடைக்கும். காலையில் ஒரு கரை, மத்தியானம் இன்னொரு கரை. நாங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு காற்றின் பின்னாலேயே துரத்திக்கொண்டு போவோம்.

நாங்கள் என்றால் நானும் தேசிங்கும். தேசிங்கு ஆரம்பாக்கத்துக்காரர். கொஞ்சம் நெல் வயலும், நிறைய வாயும், போட்டிச் சேனலின் மைக்கும் அவரிடம் இருந்தன. எல்லைப் பக்கத்து ஆள் என்பதால் எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் நைனா என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தி எடுப்பதுதான் எங்கள் நட்பின் அடிப்படை.

ஒரு ஐப்பசிப் புயலின்போது, காலையில் டீக்கடையில் தேசிங்கு என்னை மடக்கி எங்கே கிளம்பிவிட்டேன் என்று விசாரித்தார். ஏரியின் மேற்குக் கரைதான் அன்றைக்கு அல்லோலகல்லோலப்படப் போகிறது என்று எனக்கு ஒரு கணக்கு. அதனால் முகத்தை மிகவும் நேர்மையாக வைத்துக்கொண்டு, பழவேற்காடு கலங்கரை விளக்கத்துப் பக்கம் அலை பனைமர உயரம் எழும்புகிறதாம், என் மச்சான் போன் செய்தான் என்று அளந்துவிட்டேன். தேசிங்கு பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் பறந்தார். நான் சிரித்துக்கொண்டே மேற்குக் கரைக்குப் போனேன். அங்கே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளாடு நனைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

சாயங்காலம் எங்கள் செய்திப் பிரிவிலிருந்து மேடம் கூப்பிட்டார். அந்த மேடத்தை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குரல் சொல்லித் தெரிந்தது. கோபம் ஏற ஏறக் குரல் தணியும். அன்றைக்கு ஏறக்குறைய கிசுகிசுத்தார்.

"பாய், கலங்கரை விளக்கத்துகிட்ட கடல் ரோட்டு மேல ஏறுது. ரொம்ப அழகா எடுத்திருக்காங்க. நம்ம சேனல்லதான் இல்ல."

அன்றிரவு எங்கள் சேனலில் வெள்ளாடு ஓடியது. மறுநாள் தேசிங்கு ஸ்டுடியோவுக்கே வந்து, என் மச்சானிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பெட்டி ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனார். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஜாங்கிரியை நானே தின்று தீர்த்தேன். போட்டியாளரை ஏமாற்ற நினைக்கும்போது நீங்கள் உங்கள் சொந்தக் கணிப்பின் மேல் பந்தயம் கட்டுகிறீர்கள். காற்றுக்கு உங்கள் கணிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது வேறு.

சுனாமி வந்து போன ஓரிரு வருடத்துக்குள் ஒரு புயல், கரை ஏறாமல் கடலுக்குள்ளேயே வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இரவு முழுக்கக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. காலையில் பார்த்தால் பள்ளிக்கூடம் லீவு, ரயில் இல்லை, சாலைகளில் மரங்கள் படுத்துக் கிடந்தன. மேடம் விடிந்ததுமே கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அலை வேண்டும். ஏரியில் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று காலைச் செய்தியில் நான் போனில் நேரலையாகச் சொல்ல வேண்டும். தேசிங்கிடம் எதுவும் சொல்லாமல், அதாவது பொய்யும் சொல்லாமல், பைக்கை எடுத்தேன். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியை ஒட்டி இருக்கும் ஒரு ஊருக்குப் போய்க் கரை மேட்டில் ஏறினேன்.

ஏரியைக் காணோம்.

கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கறுப்புச் சேறு. படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஆழமில்லாத ஏரி அது, பாதி இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். தாம்பாளத்தைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குமே, அதுபோல மேற்குக் காற்று இரவெல்லாம் தள்ளித் தள்ளி மொத்தத் தண்ணீரையும் எதிர்க்கரையில் கொண்டுபோய்க் குவித்துவிட்டது. சின்ன வயதில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே நேரலை அழைப்பு வந்துவிட்டது. செய்தி வாசிப்பவர் மிகவும் கம்பீரமாக, அலைகள் எவ்வளவு உயரத்துக்கு எழும்புகின்றன என்று கேட்டார். அலை இல்லை என்றேன். அலைகள் தணிந்துவிட்டனவா என்று கேட்டார்.

"ஏரியே இல்லைங்க," என்றேன்.

தொடர்பில் தடங்கல் ஏற்பட்டிருப்பதாக நேயர்களுக்குச் சொல்லிவிட்டு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த நிமிடம் மேடம் கூப்பிட்டு, காலையில் ஏதாவது சாப்பிட்டேனா என்று மிகவும் கனிவாக விசாரித்தார். நான் விளக்கிச் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் அந்தக் காலி ஏரியை எடுங்கள், இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார். டிரைபாடை நிறுத்தி எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் சேற்றுக்குள் ஆட்கள் நடமாடுவதைக் கவனித்தேன். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெரும்பாலும் பெண்கள். தண்ணீர் வற்றிய அவசரத்தில் அங்கங்கே குட்டைகளில் மாட்டிக்கொண்ட மடவை மீனும் இறாலும் நண்டும் துள்ளிக்கொண்டிருந்தன. அவர்கள் அன்னக்கூடையிலும் பிளாஸ்டிக் குடத்திலும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கடந்து இடுப்பில் கூடையோடு இறங்கப் போனவரை எனக்குத் தெரியும். பெயர் கஸ்தூரி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தக் கூலி. போன கோடையில் குடிதண்ணீர் கேட்டு நெடுஞ்சாலையில் காலிக் குடத்தோடு உட்கார்ந்து பஸ்ஸை மறித்தவர். அந்தச் செய்தியை நான்தான் எடுத்தேன். அவருடைய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"வேன் வரல பாய். கம்பெனிக்கு லீவுன்னா கூலிக்கும் லீவு. இன்னிக்கி ஏரி ஒண்ணுதான் தொறந்துகீது," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கரையை ஒட்டி, படகுகள் உள்ளே வருவதற்காக வெட்டிய வாய்க்கால் ஒன்று இருந்தது. ஏரித்தரையைவிட ஆழம். அப்போது அதில் முட்டி அளவு தண்ணீர்தான் கிடந்தது. எல்லோரும் அதில் இறங்கி ஏறித்தான் உள்ளே போயிருந்தார்கள். கஸ்தூரியும் அப்படியே போனார்.

நான் படம் எடுத்தேன். நல்ல படம். சாம்பல் வானம், கறுப்புச் சேறு, நடுவில் நிறம் நிறமாகப் புடவைகள். மேடத்துக்குப் போன் செய்து விவரித்தேன். அவர் குரலில் உற்சாகம் தெரிந்தது. விடாமல் எடுங்கள் என்றார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, சட்டென்று சத்தம் நின்றது. இரவெல்லாம் காதுக்குள் ஊளையிட்ட காற்று, விசிறியை அணைத்ததுபோல நின்றுவிட்டது. சேற்றில் இருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். புடவைத் தலைப்பைத் தளர்த்திக்கொண்டு இன்னும் உள்ளே நடந்தார்கள். நான் மட்டும் எதிர்க்கரைப் பக்கம் பார்த்தேன். தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த கை எடுக்கப்பட்டால் தண்ணீர் என்ன செய்யும்? சற்று நேரத்தில் என் இன்னொரு கன்னத்தில் ஜிலுஜிலுவென்று காற்று பட்டது. கிழக்கிலிருந்து. கேமராவை அந்தப் பக்கம் திருப்பி லென்ஸை இழுத்துப் பார்த்தேன். அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

கையை ஆட்டிக் கத்தினேன். தூரத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். ஒரு அம்மா பெரிய மடவை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் புடவையைச் சரிசெய்துகொண்டு அவர் தோளில் சாய்ந்து நின்றார். நான் பதறப் பதற அவர்கள் வரிசையாக நின்று மீனைத் தூக்கிப் பிடித்தார்கள். கல்யாண வீட்டில் கையை ஆட்டி ஆட்டி ஊரையே சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பழக்கம் அன்றைக்கு என்னையே மாட்டிவிட்டது. என் பக்கத்தில் கேமரா நிற்கும் வரைக்கும் நான் என்ன சொன்னாலும் அது போட்டோவுக்குத்தான். கேமராவைக் கழற்றி, மழைக்கோட்டைப் போர்த்தித் தரையில் வைத்தேன்.

இனி என்ன சொல்வது? இந்த இடத்தைக் கவனியுங்கள். சுனாமி என்று ஒரு சத்தம் போடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லை எத்தனையோ பேர் சும்மா கத்தி, கரையோர ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடி ஓடி அலுத்துப்போயிருந்தார்கள். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற பாதிப் பேர் நாலா பக்கமும் சிதறுவார்கள், சேற்றில் விழுவார்கள், ஒருத்தரை ஒருத்தர் தேடி இன்னும் உள்ளே ஓடுவார்கள். பயம் மனிதர்களைத் திசைக்கு ஒருத்தராக ஓட வைக்கும். அறுபது பேரையும் ஒரே திசையில் ஓட வைக்கிற சொல் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சொல் பைக்கில் வந்தது. தேசிங்கு எப்படியோ மோப்பம் பிடித்துக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால், அவர் முதுகைக் கெட்டியாகப் பிடித்தபடி, அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பையன். விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க நடந்து வந்தவரை, மழையில் நடக்கிறாரே என்று பரிதாபப்பட்டு தேசிங்கு ஏற்றி வந்திருந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு குடை.

நான் மேட்டிலிருந்து இறங்கி வாய்க்கால் ஓரம் ஓடினேன். அந்தப் பக்கம் ஆட்களில் மிக அருகில் இருந்தவர் கஸ்தூரிதான்.

"கஸ்தூரிம்மா, வி.ஏ.ஓ. வந்துகீறாரு. புயல் நிவாரணத்துக்குப் பேர் எழுதறாரு. கரையில நிக்கறவங்களுக்கு மட்டும்தானாம். எழுதி முடிச்சதும் கெளம்பிடுவாராம்."

அவர் என்னைப் பார்த்தார். மேட்டில் நின்ற குடையைப் பார்த்தார். பிறகு திரும்பி, பஸ்ஸை மறித்த அந்தக் குரலை எடுத்தார்.

அதன்பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. செய்தி சேற்றின் மேல் வாய்க்கு வாய் தாவியது. கஸ்தூரி சொன்னது நிவாரணம். அடுத்தவரிடம் அது அரிசி ஆயிற்று. நடுவில் மண்ணெண்ணெய் சேர்ந்தது, பிறகு சேலை சேர்ந்தது. கடைசியில் இருந்த பெரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஆளுக்கொரு கேஸ் அடுப்பு. அவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஓடி வந்தார். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி, அத்தனை பேரும் ஒரே திசையில் வந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் வாய்க்காலை முட்டித் தண்ணீரில் தாண்டினார்கள். அடுத்தவர்களுக்கு இடுப்பு. தண்ணீர் அலையாக வரவில்லை. சத்தமே இல்லாமல், வாய்க்கால் வழியாக முன்னால் புகுந்து, அதன் பிறகுதான் ஏரித்தரையில் பரவியது. அதைப் பார்த்ததும் கூடைகளை எறிந்துவிட்டு வந்தார்கள். நானும் முதலில் ஏறி வந்துவிட்ட ஆண்களும் கையைக் கோத்துக்கொண்டு ஒவ்வொருவராக இழுத்தோம். கஸ்தூரி அந்தப் பக்கமே நின்று ஆட்களைத் தள்ளித் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் இறங்கியபோது தண்ணீர் அவர் கழுத்தில் இருந்தது. கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. கை எட்டவில்லை. நான் மேட்டுக்கு ஓடி டிரைபாடைத் தூக்கி வந்து அதன் கால்களை முழு நீளத்துக்கு இழுத்து அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஒரு காலைப் பிடித்தார், நாங்கள் நாலு பேர் மறு பக்கம் பிடித்தோம். அவரும் வந்தார், டிரைபாடின் காலும் கையோடு வந்துவிட்டது.

கரையில் படுத்து மூச்சு வாங்கினேன். பிறகு திரும்பிப் பார்த்தால், மேட்டின் மேல் வேறொரு புயல். அறுபது பேரும் வி.ஏ.ஓ.வைச் சூழ்ந்து நின்றார்கள். பெரியவர் அடுப்பு எந்தக் கலர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கூட்டத்தை விலக்கிப் போய் அவர் காதில், ஏரியைப் பாருங்கள் சார், ஆட்கள் இப்போதுதான் அங்கிருந்து வந்தார்கள், இப்போது நிவாரணம் இல்லை என்று சொன்னால் கூடையை எடுக்கத் திரும்ப இறங்குவார்கள், எழுதுங்கள் என்றேன். அவர் ஏரியைப் பார்த்தார். பையைத் திறந்து ஏதோ ஒரு பேப்பரை எடுத்துக் குடைக்கடியில் உட்கார்ந்தார். முதல் பெயர் என்ன என்று கேட்டார். நல்ல பையன். அன்றைக்கு அந்தக் கரையில் என்னைவிடத் துணிச்சலான ஆள் அவர்தான். எனக்கு வேலை போகாது, அவருக்குப் போகும்.

இதெல்லாம் தேசிங்குக்குத் தெரியாது. மேட்டுக்குப் பின்னால் சேற்றில் புதைந்துபோன பைக்கோடு அதுவரை போராடித் தூக்கி நிறுத்திவிட்டு வந்து பார்க்கிறார், நிவாரணப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் வந்து பொருமினார்.

"பாத்தியா நைனா, வழியெல்லாம் என் முதுக புட்சிகினு வந்தாரு. ஒரு வார்த்த சொன்னாரா பாரு."

சொல்லிவிட்டு அந்த நிமிடமே தன் சேனலுக்குப் போன் போட்டார். ஏரிக்கரைக் கிராமத்தில் புயல் நிவாரணக் கணக்கெடுப்பு உடனடியாகத் தொடங்கியது. முக்கியச் செய்தி.

எனக்கு மேடத்திடமிருந்து அழைப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. குரல் கிசுகிசுப்பில் இருந்தது. இன்னொரு சேனலில் நிவாரணக் கணக்கெடுப்பு என்று ஓடுகிறது, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், உண்மையா என்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, என் முப்பது வருடத் தொழிலில் அதுதான் கஷ்டமான கேள்வி. ஆமாம் என்றால் என் பொய் என் சேனலில் செய்தியாகிவிடும். இல்லை என்றால் அது தேசிங்கின் சேனலுக்கு மறுப்பு. தேசிங்கு கேலிக்கூத்தாகிவிடுவார். ஒரு ஜாங்கிரிப் பெட்டிக்கு ஏற்கெனவே கடன்பட்டவன் நான். அதோடு வி.ஏ.ஓ. பையன் கதி என்ன? யோசித்தேன். கண்ணுக்கு எதிரே நடப்பதை மட்டும் சொன்னேன்.

"வி.ஏ.ஓ. பேர் எழுதறார் மேடம். அதை என் கண்ணால பாக்கறேன். அது நிவாரணத்துக்குத்தான்னு நான் மைக்ல சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைக் கரையில கெளப்பினது நான்தான்."

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஆட்களை மீட்டதை எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை மேடம், டிரைபாட் வேறு வேலையாக இருந்தது என்றேன். அவர் சிரித்ததை முதல் தடவையாகக் கேட்டேன்.

"அப்ப நாம ஒண்ணும் போட வேண்டாம். நான் கேக்கறேன்," என்றார்.

மேடம் செய்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாவட்ட அலுவலகத்தில் பெரிய அதிகாரி ஒருவருக்குப் போன் போட்டிருக்கிறார். இந்தக் கிராமத்தில் பெயர் எழுதுவதாக ஒரு சேனல் சொல்கிறதே, நிவாரணம் எப்போது கொடுப்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. புயல் நாளில், டிவிக்காரர் போனில் இருக்கும்போது, அப்படி எதுவும் கிடையாது என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்? விரைவில் கொடுக்கப்படும் என்று சொல்லிவிட்டார். அதை எங்கள் சேனல் போட்டது. அதிகாரி சொன்னது, உண்மையான செய்தி. போட்டபிறகு அவர்கள் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

வி.ஏ.ஓ.வுக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேலை போயிற்று என்ற முகத்தோடு எடுத்தார். பேசி முடித்ததும் என்னை முறைத்தார். முன்கூட்டியே செயல்பட்டதற்குப் பாராட்டாம். பக்கத்து மூன்று ஊர்களுக்கும் போய் இதேபோல எழுதச் சொல்லிவிட்டார்களாம்.

"உங்களால எனக்கு ஒரே பேஜாரு பாய்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அரிசியும் மண்ணெண்ணெயும் வந்தன. கேஸ் அடுப்பு வரவில்லை. அந்தப் பெரியவர் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புது டிரைபாட் அனுப்புவதாக மேடம் சொன்னார், அதுவும் வரவில்லை. முதலில் செய்தி கொடுத்ததற்காக தேசிங்குக்கு அவருடைய சேனலில் கேடயம் கொடுத்தார்கள். அதை நான்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். நடந்ததை அவரிடம் நான் சொன்னதேயில்லை. இதை அவர் படித்தால் அது அவர் பாடு.

நீங்கள் பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் உயிர் போகும் என்றால் கரையில் நின்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு அல்லாவிடம் பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கரையில் சொன்னது மைக்குக்குள் போகக்கூடாது. செய்திப் பிரிவில் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருத்தரிடம் அதை மறைக்கவும் கூடாது. அன்றைக்கு நான் மேடத்திடம் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு அவர் என் பேச்சை நம்பியிருக்கவே மாட்டார். நான் எடுத்த எத்தனையோ நல்ல படங்கள் மறந்துபோயின. அவர் கேட்டபோது நான் உள்ளதைச் சொன்னேன் என்பது மட்டும் எனக்கு இன்றும் தெம்பாக இருக்கிறது.

மறு வருடம் இன்னொரு புயல் அதே போக்கில் வந்தது. இரவெல்லாம் மேற்குக் காற்று. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினேன். சாலையில் தண்ணீர் ஓடியதால் தேசிங்கின் பைக் நின்றுபோயிருந்தது, அவரை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அந்த ஊர் போன் எதுவும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை எத்தனை பேர் உள்ளே இறங்கியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே மேட்டில் ஏறினேன்.

ஏரி காலியாகத்தான் கிடந்தது. குட்டைகளில் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. ஊர் மொத்தமும் கரை மேட்டில் நின்றது, ஆளுக்கொரு ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கையில் பிடித்தபடி. கஸ்தூரி முன்னால் வந்தார்.

"ஒருத்தரும் எறங்கல பாய். பேர் எழுத ஆள் எங்க?"

பழைய வி.ஏ.ஓ. திருப்பாச்சூர் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் போனை எடுக்கவில்லை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எழுத ஆள் வராவிட்டால் நாலு மீனாவது பிடிக்கலாம் என்று சில இளவட்டங்கள் லுங்கியை மடித்துக் கட்டினார்கள். கஸ்தூரி என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"போன தபா நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த சார் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது."

பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி கழுத்து வரைக்கும் வந்துச்சே, அது பொய் இல்லியே. இவங்கள எறங்காம நிறுத்தி வெக்கறது என் வேல. அரிசி வர வெக்கறது உன் வேல. குந்து, எழுது."

நான் கூட்டத்தைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். நாங்கள் அரசாங்கம் இல்லை, டிவிக்காரர்கள், எழுதி அரசாங்கத்திடம் கொடுப்போம், கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்ல முடியாது. எழுதுகிறார்கள் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிசை நின்றுவிட்டது. தேசிங்கு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார்.

பாதி வரிசை முடிவதற்குள் மேடத்தின் அழைப்பு வந்தது. காலி ஏரி எப்படி இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நிறுத்தாம எழுதுங்க," என்றார் மேடம். "யாரைக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

மத்தியானம் காற்று திரும்பி, வாய்க்கால் நிரம்பி, ஏரி மெதுவாக வந்து கரையைத் தொட்டது. அப்போது எங்கள் கையில் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருடைய பெயரும் இருந்தது. ஒருத்தர் பாக்கியில்லை.